லப்டொப்பில் இசை பதிய சவுண்ட் கார்ட் வாங்குவது: திருகோணமலையில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாகப் பாட்டுப் பதிய வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தக் கம்பனி நல்லது?" என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை மைக், அவை என்ன வகை, உங்கள் லப்டொப் எப்படிப்பட்டது என்ற மூன்றும் தெளிவானால், பொருத்தமான கருவிகள் இரண்டு மூன்றுக்குள் சுருங்கிவிடும். இவை தெளிவாகாமல் வாங்கினால், பிழை தெரியவரும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிட்டத்தட்ட 260 கிலோமீட்டர் தாண்டி மறுபடியும் கொழும்புக்குப் போக வேண்டிவரும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

கடையில் கேட்கும்போது "சவுண்ட் கார்ட்" என்று மட்டும் சொல்லாமல் "ஓடியோ இன்டர்பேஸ்" என்று கேளுங்கள். மைக், வாத்தியங்களின் ஒலியை லப்டொப்புக்குள் கொண்டுபோகும் பெட்டி அது. முதலாவதைக் கேட்டால், லப்டொப்பில் ஹெட்போன் துளை பழுதானவர்கள் வாங்கும் சிறிய யூ.எஸ்.பி. துண்டையோ, நேரலைக்கென்று விற்கும் வி8 பெட்டியையோ எடுத்துக் காட்டுவார்கள். இரண்டும் இந்த வேலைக்கு உதவாது.

1. ஒரே நேரத்தில் என்னென்ன ஒலிக்கும் என்று தாளில் எழுதுங்கள்

மொத்தம் எத்தனை வாத்தியம் என்பதல்ல கணக்கு. ஒரே கணத்தில் எத்தனை பதிய வேண்டும் என்பதுதான் கணக்கு. கரோக்கி இசைக்கு மேலே பாடுகிறவருக்கு ஒரு மைக் போதும். கிற்றார் வாசித்துக்கொண்டே பாடுகிறவருக்கு ஒரு மைக், ஒரு கிற்றார் இணைப்பு. கீபோர்டை ஸ்டீரியோவாகப் பதிய இரண்டு லைன் இணைப்பு வேண்டும்.

கர்நாடக இசையில்தான் கணக்குச் சிக்கலாகிறது. பாட்டு, வயலின், மிருதங்கம் மூன்றையும் தனித்தனி நாளில் ஒவ்வொன்றாகப் பதியலாம் என்று சிலர் ஒற்றை மைக் கருவியை வாங்குகிறார்கள். கீர்த்தனையை ஓரளவு சமாளிக்கலாம். ஆலாபனையில் வயலின் பாடகரின் மூச்சைப் பார்த்துத் தொடர்கிறது. நிரவலிலும் ஸ்வரத்திலும் மிருதங்கக்காரர் அந்தக் கணத்தில் கேட்டதற்குப் பதில் வாசிக்கிறார். அதைப் பிரித்துப் பதிந்தால் உயிர் போய்விடும். எல்லோரும் சேர்ந்து வாசிப்பவர்கள் என்றால் குறைந்தது மூன்று மைக் இணைப்பு வேண்டும். மூன்று கொண்ட சிறிய கருவி அரிது, நான்காகப் பாருங்கள்.

பஜனைக் குழுவுக்கோ, கிண்ணியாப் பக்கம் றபான் அடித்து பைத் பாடும் குழுவுக்கோ ஆளுக்கொரு மைக் தேவையில்லை. வட்டமாக இருக்கும் குழுவுக்கு முன்னால் இரண்டு கொண்டன்சர் மைக்கை (மெல்லிய ஒலியையும் பிடிக்கும் வகை) சரியான உயரத்தில் நிறுத்தினால், இடம் வலம் பிரிந்து, அந்த இடத்தின் ஒலியும் சேர்ந்து நன்றாக வரும்.

சுருதிப் பெட்டியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதை அறையில் ஒலிக்க விட்டால் எல்லா மைக்கிலும் ஏறிவிடும், பிறகு பாட்டில் ஓர் இடத்தை வெட்டி ஒட்ட முடியாது. லப்டொப்பில் இருந்து ஹெட்போனுக்கு மட்டும் கொடுங்கள், பதிவில் பின்னர் சேர்க்கலாம்.

என் கருத்து: இங்கே வீட்டில் பதிகிற பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மைக் இணைப்புள்ள கருவிதான் பொருத்தம். ஒற்றை மைக் கருவியில் மிச்சம் பிடிக்கும் பணம் சிறியது. ஒரு நண்பர் மிருதங்கத்தோடு வந்து உட்காரும் முதல் நாளே அதன் போதாமை தெரிந்துவிடும்.

2. மைக்கை இப்போதே தீர்மானியுங்கள்

கருவியை வாங்கிவிட்டு மைக்கைப் பிறகு பார்க்கலாம் என்று நினைப்பது பெரிய பிழை. கருவி மைக்குக்கு இரண்டு விஷயம் கொடுக்க வேண்டும்: ஒலியைப் பெருக்கும் வலு (கெயின்), கொண்டன்சர் வகைக்கு 48 வோல்ட் மின்சாரம்.

மேடையில் பார்க்கும் ஷுவர் எஸ்.எம்.58 போன்ற டைனமிக் மைக்குக்கு 48 வோல்ட் தேவையில்லை. ஆனால் அது தரும் சமிக்ஞை மிகச் சிறியது. ஒரே அளவு ஒலிக்கு எஸ்.எம்.58 சுமார் 1.85 மில்லிவோல்ட் தருகிறது, ரோட் என்.டி.1-ஏ போன்ற கொண்டன்சர் சுமார் 25 மில்லிவோல்ட் தருகிறது. பதின்மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். மெல்லக் குரலில் பாடுகிறவர் டைனமிக் மைக் வைத்தால், கருவியின் கெயின் குமிழை முழுவதும் திருப்பினாலும் போதாமல், சீறல் இரைச்சல் மட்டும் ஏறும்.

அதனால் விவரக் குறிப்பில் மைக் கெயின் எத்தனை டெசிபெல் என்று பாருங்கள். கொண்டன்சருக்கு 50 இருந்தாலே தாராளம். எஸ்.எம்.58-க்கு 55-க்கு மேல் இருப்பது நல்லது. பொட்காஸ்ட் ஆட்கள் விரும்பும் எஸ்.எம்.7பி என்றால் குறைந்தது 60 வேண்டும்.

எந்த மைக் என்பதை அறை முடிவு செய்கிறது. கதவு ஜன்னல் மூட முடிந்த, துணி, மெத்தை, புத்தகம் நிறைந்த அறை என்றால் கொண்டன்சர். டைக் வீதிப் பக்கம் அலைச் சத்தம் கேட்கும் வீடு, ஓட்டோ ஓடும் ஒழுங்கை, ஓட்டுக் கூரைக்குக் கீழே வெறும் சுவர் உள்ள அறை என்றால் டைனமிக் மைக்கை வாய்க்கு அருகில் வைப்பதுதான் புத்தி. கொண்டன்சர் பக்கத்து வீட்டுச் சேவலையும் சேர்த்துப் பதிந்துவிடும்.

வீணை, வயலினில் ஒட்டும் பிக்அப் இருந்தால், "இன்ஸ்ட்ருமென்ட்" என்று மாற்றும் பொத்தான் உள்ள கருவியாகப் பாருங்கள். அந்த இணைப்பின் மின்தடை சுமார் 1 மெகாஓம். சாதாரண லைன் இணைப்பில் மின்தடை குறைவு, அதில் குத்தினால் தடிப்பு எல்லாம் போய் ஒலி தகரம் போல மெலியும்.

3. பெட்டியில் உள்ள எண்ணை விட்டு, மைக் துளைகளை எண்ணுங்கள்

பெட்டியில் "4" என்று இருந்தால் நான்கு மைக் என்று அர்த்தமல்ல. போகஸ்ரைட் ஸ்கார்லெட் 4ஐ4 கருவியில் மைக் இணைப்பு இரண்டுதான், மற்ற இரண்டும் கீபோர்ட் போன்றவற்றுக்கான லைன் இணைப்பு. அதே வரிசையின் சோலோவில் இரண்டு இணைப்பு உண்டு, மைக்குக்கு ஒன்றுதான். படத்தைப் பெரிதாக்கி, மூன்று ஊசித் துளையுள்ள எக்ஸ்.எல்.ஆர். வாய்களை எண்ணுங்கள். அதுதான் உண்மையான கணக்கு.

கோயிலிலோ தேவாலயத்திலோ ஏற்கனவே யூ.எஸ்.பி. உள்ள மிக்ஸர் இருக்கிறது, அதுவே போதாதா என்று கேட்பார்கள். நேரடிப் பதிவுக்குப் போதும். ஆனால் யமஹா எம்.ஜி.10எக்ஸ்.யூ. போன்ற பல மிக்ஸர்கள் எல்லா மைக்கையும் கலந்து இடம், வலம் என்று இரண்டு தடமாகத்தான் லப்டொப்புக்கு அனுப்பும். மிருதங்கம் கூடிவிட்டது என்று வீட்டுக்கு வந்து குறைக்க முடியாது.

4. லப்டொப்பைச் சோதியுங்கள்

யூ.எஸ்.பி. வாய் என்ன வடிவம் என்று பாருங்கள். வடிவம் வேறானால் மாற்றிக் கேபிள் போதும், ஆனால் பல வாயுள்ள மலிவான ஹப் வழியாக இணைக்காதீர்கள். மின்சாரமும் போதாது, ஒலியில் டிக் டிக் என்று வெட்டும் விழும். டைப்-சி கேபிள்களில் சில சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும். கருவியில் விளக்கு எரியும், லப்டொப் அதைக் காணாது. புதிய கருவி பழுது என்று திருப்பி அனுப்பத் தயாரானவர்களில் சிலருக்குக் கேபிளை மாற்றியதும் வேலை முடிந்தது.

விண்டோஸ் லப்டொப்பில் லேட்டன்ஸிமொன் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள். சில மலிவான லப்டொப்களில் வைஃபை, பேட்டரி சம்பந்தமான டிரைவர்கள் (ஒரு பாகத்தைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்) இடையிடையே கணினியைப் பிடித்து நிறுத்தும். சிவப்புக் காட்டினால் வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். வாங்குவதற்கு முன்பே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம், இந்தக் குறையை எவ்வளவு விலையான கருவியாலும் தீர்க்க முடியாது.

பழைய சாமான் விற்கும் இடத்தில் பயர்வயர் என்ற பழைய வகை இணைப்புள்ள கருவி ஆசை காட்டும் விலைக்கு வரும். இன்றைய லப்டொப்பில் அந்த வாயே இல்லை. தொடாதீர்கள்.

5. டிரைவர்: இங்கே நேரம் எடுத்துப் பாருங்கள்

மக்புக் வைத்திருப்பவர்கள் இதை வேகமாகக் கடக்கலாம். பெரும்பாலான கருவிகள் அதில் டிரைவர் இல்லாமலே ஓடும். விண்டோஸில் கதை வேறு. இங்கே ஏசியோ என்ற வகை டிரைவர் வேண்டும். ஸ்டைன்பெர்க் கம்பனி உருவாக்கிய அந்த முறை, விண்டோஸின் ஒலிக் கலவையைச் சுற்றிக்கொண்டு நேரே கருவியோடு பேசுகிறது. அதனால், பாடியது ஹெட்போனில் கேட்கும் வரையுள்ள தாமதம் குறையும்.

தாமதம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம். பஃபர் எண்ணை (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் ஒலி மாதிரிகள்) சாம்பிள் வீதத்தால் (ஒரு செக்கன்டில் எடுக்கும் மாதிரிகள்) வகுத்தால் போதும். 48,000-ல் பஃபர் 128 என்றால் 2.7 மில்லிசெக்கன்ட், 512 என்றால் 10.7. உள்ளே வரும்போது ஒரு முறை, வெளியே போகும்போது ஒரு முறை இது சேரும், கருவியின் சொந்தத் தாமதமும் சிறிது கூடும். காற்றில் ஒலி ஒரு மில்லிசெக்கன்டில் சுமார் 34 சென்ரிமீற்றர் போகிறது. ஒன்றரை மீற்றர் தள்ளி இருக்கும் வயலின் உங்கள் காதுக்கு நான்கு மில்லிசெக்கன்டுக்கு மேல் தாமதமாகத்தான் வருகிறது, அது யாரையும் குழப்பவில்லை. மொத்தத் தாமதம் இருபதைத் தாண்டும்போது தாளம் இழுபடுகிறது. மிருதங்கக்காரர்தான் அதை முதலில் சொல்வார்.

நல்ல ஏசியோ டிரைவர் 128-ல் வெட்டு விழாமல் ஓட வேண்டும். கம்பனி சொந்தமாக டிரைவர் எழுதியிருக்கிறதா என்று அவர்களின் தளத்தில் பாருங்கள். பெஹ்ரிங்கர் யூ.எம்.சி.22-க்குச் சொந்த ஏசியோ டிரைவர் இல்லை, ஏசியோ4ஓல் என்ற பொதுவான ஒன்றைப் போட வேண்டும். கொஞ்சம் கூட விலையுள்ள யூ.எம்.சி.202எச்.டி.க்குச் சொந்த டிரைவர் உண்டு. விண்டோஸ்காரர்கள் அந்த விலை வித்தியாசத்தைத் தயங்காமல் கொடுக்கலாம்.

கருவியில் "டைரக்ட் மொனிட்டர்" பொத்தான் இருப்பதும் கட்டாயம். அது உங்கள் குரலை லப்டொப்புக்குள் போய்வர விடாமல் நேரே ஹெட்போனுக்குத் தருகிறது. மெதுவான லப்டொப் வைத்திருப்பவர்கள் பஃபரை 512-ல் விட்டுவிட்டு இதைக் கேட்டுப் பாடலாம்.

6. மின்சாரமும் உறுமலும்

யூ.எஸ்.பி.யிலேயே மின்சாரம் எடுக்கும் கருவிக்கு நம் ஊரில் ஒரு தனி மதிப்பு இருக்கிறது. பாதிப் பாட்டில் கரண்ட் போனாலும் லப்டொப் பேட்டரியில் பதிவு தொடரும். தனி அடப்டர் கேட்கும் கருவி அந்த இடத்திலேயே நின்றுவிடும். பெஹ்ரிங்கர் யூ.எம்.சி.404எச்.டி. போன்ற நான்கு மைக் கருவிகளுக்கு அடப்டர் தேவை, அப்படி வாங்குகிறவர்கள் கணினிக்கு வைக்கும் யூ.பி.எஸ். ஒன்றையும் யோசியுங்கள்.

"ம்ம்ம்" என்று அடியில் ஓர் உறுமல் கேட்டால் முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள். நின்றுவிட்டால் குறை சார்ஜரிலோ வீட்டின் எர்த்திலோ இருக்கிறது, கருவியில் இல்லை. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் உறுமல் 50-லும் 100-லும் வரும். எல்லாவற்றையும் ஒரே பிளக் பலகையில் இருந்து எடுத்தாலே பல வீடுகளில் தீர்ந்துவிடும். உறுமலை நிறுத்த எர்த் முனையை வெட்டச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மைக்கை வாயோடு ஒட்டி வைத்துப் பாடுகிறவரின் உயிரோடு விளையாட வேண்டாம்.

7. பார்க்காமல் விடக்கூடிய எண்கள்

சாம்பிள் வீதம் 192 கிலோஹேர்ட்ஸ் என்று பெரிதாக எழுதியிருக்கும். 48 போதும். கோப்பும் சிறிது, லப்டொப்புக்கும் சுமை குறைவு: 24 பிட்டில் ஒரு தடம் நிமிடத்துக்கு 8.64 மெகாபைட்தான். 24 பிட் மட்டும் கட்டாயம் இருக்கட்டும், சத்தத்தைக் குறைத்துப் பதிந்துவிட்டுப் பின்னர் இரைச்சல் ஏறாமல் தூக்க அது உதவும்.

8. இப்போது கம்பனி

இரண்டு மைக், குறைந்த செலவு என்றால் யூ.எம்.சி.202எச்.டி. டைனமிக் மைக்தான் பாவிக்கப் போகிறீர்கள் என்றால் ஸ்கார்லெட் 2ஐ2 நான்காம் தலைமுறையைப் பாருங்கள். அதன் மைக் கெயின் 69 டெசிபெல். மூன்றாம் தலைமுறையில் அது 56 மட்டுமே, இரண்டும் அருகருகே விற்பனைக்கு இருக்கும் என்பதால் எந்தத் தலைமுறை என்று கேட்டே வாங்குங்கள். கெயினைச் சரியாக வைக்கத் தெரியாத தொடக்கக்காரருக்கு ஓடியன்ட் ஈவோ 4 நல்ல துணை, பாடிக் காட்டினால் அளவைத் தானே வைத்துக்கொள்ளும். முகப்பில் அளவு காட்டும் திரை வேண்டுமென்றால் மோட்டு எம்2. தனியாக இருந்து தன்னைத் தானே பதிகிறவருக்கு அந்தத் திரை மிகவும் உதவும்.

இவற்றுக்குள் ஒலித் தரத்தில் உள்ள வேறுபாடு, மைக்கை அரை அடி நகர்த்தினால் வரும் வேறுபாட்டை விடக் குறைவு. மிச்சப் பணத்தை மைக் ஸ்டாண்ட், நல்ல கேபிள், காதை முழுவதும் மூடும் ஹெட்போன் ஆகியவற்றுக்குச் செலவழியுங்கள்.

9. வாங்கும்போது

ஊருக்குள்ளே உள்ள கடைகள் பெரும்பாலும் கொழும்பில் இருந்து எடுத்துத் தருபவை. கொஞ்சம் விலை கூடினாலும் மாற்றித் தரும் பொறுப்பு யாருடையது என்பதை எழுத்தில் வாங்க முடிந்தால் அதுவே நல்லது. வெளிநாட்டில் இருந்து உறவினர் கொண்டுவருவது மலிவாக இருக்கலாம், ஆனால் உத்தரவாதம் அந்த நாட்டோடு நின்றுவிடும். பார்சலில் வந்தால் பிரிப்பதை முதலிலிருந்து வீடியோ எடுத்துவிடுங்கள்.

பழையது வாங்குகிறீர்களா? கெயின் குமிழைத் திருப்பும்போது கரகரப்பு வருகிறதா என்று கேளுங்கள். 48 வோல்ட்டைப் போட்டுவிட்டு, ரேடியோ திருத்துகிறவரிடம் உள்ள மீற்றரால் எக்ஸ்.எல்.ஆர். வாயின் 1-க்கும் 2-க்கும் இடையே, பிறகு 1-க்கும் 3-க்கும் இடையே அளந்து பாருங்கள். 44-க்கும் 52-க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வாயிலும் மைக்கைக் குத்திப் பாடிப் பாருங்கள், ஒன்றைச் சோதித்துவிட்டு மற்றதும் சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள்.

10. முதல் நாள் இணைக்கும் வரிசை

விண்டோஸில் கருவியைக் குத்துவதற்கு முன் டிரைவரைப் போடுங்கள். முதலில் குத்தினால் விண்டோஸ் தன்னுடைய பொது டிரைவரைக் கட்டிவிடும், பிறகு சில கருவிகளில் அதைப் பிரித்தெடுப்பது தொல்லை. அடுத்து லப்டொப்பின் வாயில் நேரே இணையுங்கள். அப்புறம் பதிவு மென்பொருளில், ரீப்பர் என்றால் அதன் ஓடியோ அமைப்பில், கம்பனியின் ஏசியோ டிரைவரைத் தெரிவு செய்யுங்கள். ரீப்பரை 60 நாள் இலவசமாகச் சோதிக்கலாம்.

மைக்கைக் குத்தும்போது கெயின் பூச்சியத்தில், ஸ்பீக்கர் அணைந்து இருக்கட்டும். கடைசியாக 48 வோல்ட். இந்த வரிசை மாறினால் "டப்" என்ற சத்தம் காதையும் ஸ்பீக்கரையும் தாக்கும்.

கெயினை வைக்கும்போது கீழ் ஸ்தாயியில் முணுமுணுத்துப் பார்த்து வைக்காதீர்கள். பாட்டில் வரும் உச்ச இடத்தை, தார ஸ்தாயியில் முழுக்குரலில் பாடி, மென்பொருளின் அளவுகோல் கழித்தல் 12 டெசிபெல்லுக்கு அருகில் நிற்கும்படி வையுங்கள். மிருதங்கத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் விடுங்கள், வலந்தலையின் கூர்மையான அடி கண்ணுக்குத் தெரியாமலே மேலே தொட்டுவிடும்.

முதல் நாளில் திரும்பத் திரும்ப வரும் குழப்பங்கள் நான்கு.

மைக் சத்தம் மிகச் சிறிது: லவுட்ஸ்பீக்கர் கடைக் கேபிள்களில் ஒரு முனை எக்ஸ்.எல்.ஆர்., மறுமுனை பெரிய ஜக். அந்த ஜக்கைக் கருவியில் குத்தினால், பெரும்பாலான கருவிகளில் மைக் பெருக்கியைத் தாண்டி லைன் வழியாகப் போகும், 48 வோல்ட்டும் போய்ச் சேராது. இரு முனையும் எக்ஸ்.எல்.ஆர். ஆன கேபிள் வாங்குங்கள். பி.எம்.800 மைக்கோடு வரும் சிறிய ஜக் கேபிளும் இதே காரணத்தால் உதவாது.

ஒரு காதில் மட்டும் கேட்கிறது: தடத்தின் உள்ளீட்டை ஸ்டீரியோவில் இருந்து மோனோ 1 என்று மாற்றுங்கள்.

குரல் இரண்டு தடவை கேட்கிறது: டைரக்ட் மொனிட்டரும் மென்பொருளின் மொனிட்டரும் சேர்ந்து இயங்குகின்றன. ஒன்றை அணையுங்கள்.

பாட்டின் வேகமோ சுருதியோ மாறிக் கேட்கிறது: விண்டோஸில் 44.1, மென்பொருளில் 48 என்று இருக்கும். இரண்டையும் ஒன்றாக்குங்கள். சுருதி கொஞ்சம் விலகியதைப் பாடகர் தன் குரல் என்று நினைத்து வருந்துவார், ஆகவே இதைப் பதியத் தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பிறகு அரை மணி நேரம் தொடர்ந்து பதிந்து, முழுவதையும் ஹெட்போனில் கேளுங்கள். சூடான பிறகுதான் சில குறைகள் வெளியே வரும், அவை கடை மாற்றித் தரும் நாட்களுக்குள் தெரிந்துவிட வேண்டும்.

11. உப்புக் காற்றும் மழையும்

கடலோர ஈரத்தில் ஜக் முனைகள் மங்கிக் கரகரக்கும், கொண்டன்சர் மைக் ஈரமேறினால் பொரிகிற மாதிரிச் சத்தம் போடும். பதிந்து முடிந்ததும் கருவியையும் மைக்கையும் இறுக்கி மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். ஐப்பசி முதல் தை வரை அந்தப் பைகளை அடிக்கடி மாற்ற வேண்டும். இடி முழங்கும் பின்னேரங்களில் சார்ஜரைச் சுவரில் இருந்து கழற்றிவிட்டு, பேட்டரியில் பதியுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னல் இடுக்கு வழியாக வரும் ஊளை பகல் முழுவதும் நிற்காது, மின்விசிறியையும் நிறுத்த முடியாது. அந்த மாதங்களில் பதிவை விடியற்காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.